சீமைக்கருவேலக் காட்டு மண்ணில் கரிமம் கூடுகிறதா? வாக்லி-பிளாக் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

உவர்நிலம்

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கண்மாயை ஒட்டிய சீமைக்கருவேலத் தோப்பிலும், அதை அடுத்த மானாவாரி நெல் வயலிலும் மண் எடுத்து அங்ககக் கரிமம் பார்த்திருக்கிறோம். ஆழம் 0–30 செ.மீ., பக்கத்துக்கு 12 மாதிரி. வாக்லி-பிளாக் முறை (சூடான அமிலத்தில் டைகுரோமேட்டால் கரிமத்தை எரித்து அளப்பது), 1 கிராம் மண், 1.3 காரணியால் பெருக்கிய பிறகு வந்த சராசரி தோப்பில் 0.52%, வயலில் 0.40%. இரண்டு பக்கமும் திட்டவிலக்கம் 0.15 அளவில் இருக்கிறது. பருமன் அடர்த்தி தோப்பில் 1.35, வயலில் 1.50 கிராம்/க.செ.மீ. ஒன்றுக்கு ஐந்து நீர்ச்சாறில் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) தோப்பில் 3.6, வயலில் 0.6 டெசிசீமென்ஸ்/மீட்டர். மண் கரிசல் சாயல் உள்ள களி, அங்கங்கே சுக்கான்கல் தட்டுப்படுகிறது.

"தோப்பில் கரிமம் 30% அதிகம், ஹெக்டேருக்கு 3 டன் கூடுதல்" என்று எழுதலாமா? வழிகாட்டி எழுதலாம் என்கிறார். எனக்கு அந்த இ.சி. எண் உறுத்துகிறது.

கரிசல்காடு

உங்களுக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான். 3.6 இ.சி. உள்ள மண்ணில் குளோரைடைக் கவனிக்காமல் வாக்லி-பிளாக் செய்தால், கரிமத்தோடு உப்பையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறீர்கள்.

இந்த முறை கரிமத்தை நேரடியாக அளப்பதில்லை. டைகுரோமேட் எவ்வளவு செலவானது என்று மட்டுமே பார்க்கிறது. எதெல்லாம் டைகுரோமேட்டிடம் எலக்ட்ரானைக் கொடுக்குமோ அதெல்லாம் கரிமமாகக் கணக்கில் ஏறும். குளோரைடு அந்தச் சூடான அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஒரு கரிம அணு 4 எலக்ட்ரான் கொடுக்கிறது, ஆகவே ஒரு ஈக்விவலன்ட் என்பது 3 கிராம் கரிமம். குளோரைடு ஒரு எலக்ட்ரான்தான், ஒரு ஈக்விவலன்ட் 35.5 கிராம். எனவே 12 பங்கு குளோரைடு 1 பங்கு கரிமமாக வேடம் போடும். திருத்தம் எளிது: குளோரைடு சதவீதத்தை 12-ஆல் வகுத்து, வந்த கரிமத்திலிருந்து கழிக்க வேண்டும். குளோரைடு கரிமத்தைப்போல் ஐந்து மடங்குக்குள் இருக்கும்வரைதான் இந்தக் கழித்தல் நம்பத் தக்கது.

கழிப்பது 1.3-ஆல் பெருக்குவதற்கு முன்பு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கரிமம் சுமார் 77% தான் ஆக்சிஜனேற்றம் ஆகிறது என்பதற்காக 1.3 வருகிறது, குளோரைடுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பெருக்கிவிட்டுக் கழித்தால் திருத்தம் குறைவாகப் போய்விடும்.

உங்களிடம் குளோரைடு அளவு இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அதற்கு மோர் (Mohr) டைட்ரேஷன் போதும். 20 கிராம் மண், 100 மி.லி. நீர், ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டி, 10 மி.லி. சாறு எடுத்தால் அதில் 2 கிராம் மண்ணின் உப்பு இருக்கும். பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டு, 0.02 நார்மல் (செறிவின் அலகு) சில்வர் நைட்ரேட்டால் செங்கல் நிறம் நிலைக்கும் வரை டைட்ரேட் செய்யுங்கள். 1 மி.லி. என்பது 0.709 மி.கி. குளோரைடு. சாறின் பி.எச். 6.5-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே போனாலும் முடிவுப்புள்ளி ஏமாற்றும்.

உவர்நிலம்

நன்றி ஐயா. வைத்திருந்த சாறிலேயே பார்த்தோம். தோப்பு மண்ணுக்குச் சராசரி 17 மி.லி. செலவாகிறது. வயலுக்கு 2.3 மி.லி.

கரிசல்காடு

அப்படியானால் தோப்பில் 17 × 0.709 = 12 மி.கி., 2 கிராமுக்கு. அதாவது 0.60% குளோரைடு. 12-ஆல் வகுத்தால் 0.05% பொய்க் கரிமம், உங்கள் 1.3 அதையும் பெருக்கி 0.065 ஆக்கியிருக்கிறது. வயலில் 0.08% குளோரைடு, பெருக்கிய பிறகு 0.009.

திருத்தினால் தோப்பு 0.455, வயல் 0.391. வித்தியாசம் 0.12-லிருந்து 0.064-க்கு இறங்கிவிட்டது. நீங்கள் கண்ட வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி வெறும் உப்பு.

அடுத்த முறை கழித்துக்கொண்டிருக்க வேண்டாம். அடர் கந்தக அமிலத்தில் லிட்டருக்கு 15 கிராம் சில்வர் சல்ஃபேட் கரைத்து அதையே 20 மி.லி. பயன்படுத்துங்கள். குளோரைடு சில்வர் குளோரைடாகப் படிந்துவிடும், டைகுரோமேட் பக்கம் வராது. 20 மி.லி.-யில் உள்ள வெள்ளி 1 கிராம் மண்ணிலுள்ள 60 மி.கி. குளோரைடைத் தாராளமாகப் பிடிக்கும். உங்கள் மண்ணில் இருப்பது 6 மி.கி. தான். மண்ணை முதலில் நீரால் கழுவி உப்பை நீக்கிவிடலாமே என்று சிலர் செய்கிறார்கள். அதில் கரையும் கரிமமும் நுண்களியும் கூடவே போய்விடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எரிகலன்

இவ்வளவு அமிலம், வெள்ளி, குரோமியம் எல்லாம் எதற்கு? மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரியில் வைத்து எடை இழப்பைப் பார்த்தால் முடிந்தது. அலையாத்திக் காட்டு மண்ணுக்கெல்லாம் அதைத்தானே செய்கிறார்கள்?

கரிசல்காடு

அலையாத்திச் சேற்றில் அங்ககப் பொருள் நிறைய இருக்கும், அதனால் பிழை அதில் அமுங்கிவிடும். இங்கே நிலைமை தலைகீழ். 0.5% கரிமம் என்றால், கரிமத்தை அங்ககப் பொருளாக மாற்றும் 1.724 காரணிப்படி அங்ககப் பொருள் 0.86% தான். ஸ்மெக்டைட் எனும், நனைந்தால் விரியும் களி 105 டிகிரியில் முழுசாக உலர்வதில்லை. அடுக்குகளுக்கு இடையே பிடித்து வைத்த நீரும், அதற்குமேல் கட்டமைப்பிலுள்ள ஹைட்ராக்சிலும் சூடு ஏற ஏறப் போகும். களி மிகுந்த மண்ணில் அந்த இழப்பு மட்டுமே அங்ககப் பொருளைவிடப் பெரிதாக இருக்கலாம். உவர் மண்ணில் ஜிப்சம் இருந்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிக நீர், அதுவும் போகும். வெப்பத்தை 360 டிகிரியில் நிறுத்தி 2 மணி நேரம் வைத்தால் களியின் பங்கு குறையும், இல்லாமல் போகாது. வேண்டுமானால் உங்கள் மண்ணுக்கே தனி அளவுக்கோடு போட்டு, களி அளவையும் அதில் சேர்த்துப் பயன்படுத்தலாம். 0.06% வித்தியாசத்தைத் தேடும் வேலைக்கு அது ஆகாது.

ஆய்வகமேசை

தம்பி, குளோரைடு முக்கியம்தான். ஆனால் 0.064 என்பது மேசை மேலேயே தொலைந்துபோகக்கூடிய அளவு. கணக்கைப் பாருங்கள். மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்கும் ஃபெரஸ் கரைசல் 0.49 நார்மல், மண் 1 கிராம் என்றால் 1 மி.லி. வித்தியாசம் 0.147% கரிமம். பியூரெட்டில் 0.1 மி.லி. தவறினால் 0.015%, பெருக்கிய பின் 0.019%. இரண்டு மூன்று சொட்டு அதிகம் போனாலே நீங்கள் தேடும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. உங்கள் மண்ணுக்கு 1 கிராம் போதாது, 2 கிராம் எடுங்கள். எடுத்த பிறகு சாம்பிள் டைட்டர் (மண் பிளாஸ்க்குக்குச் செலவாகும் ஃபெரஸ் அளவு) 4 மி.லி.-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இறங்கினால் டைகுரோமேட்டில் 80%-க்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள், மண்ணைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும். 0.5% மண்ணில் அந்தப் பயம் இல்லை.

இனி வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன், தவறு எங்கே நுழையும் என்பதோடு.

மண்ணை நிழலில் உலர்த்துங்கள், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். 2 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகு வேர்த்துணுக்கை இடுக்கியால் பொறுக்க வேண்டும். தோப்பு மண்ணில் சீமைக்கருவேலத்தின் சிற்றிலை பொடிப்பொடியாக இருக்கும், வயல் மண்ணில் இருக்காது. ஒருவர் பத்து நிமிடம் பொறுக்கி இன்னொருவர் அரை மணி நேரம் பொறுக்கினால் அதுவே வித்தியாசமாக வந்து நிற்கும். எல்லா மாதிரிக்கும் ஒரே ஆள், ஒரே நேர அளவு. யார் எந்த மாதிரி என்று தெரியாமல் எண் மட்டும் ஒட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பிறகு 0.2 மி.மீ. நுழையும்படி அரைக்க வேண்டும். இரும்பு உரல், இரும்பு மில் கூடவே கூடாது. தேய்ந்து விழும் இரும்புத்தூள் டைகுரோமேட்டைத் தின்னும், கரிமம் கூடியதுபோல் காட்டும். பீங்கான் அல்லது அகேட் கல்வம் எடுங்கள். அரைத்த மண் முழுவதும் சல்லடை தாண்டியாக வேண்டும். மேலே தங்கும் முரட்டுத் துகளைத் தூக்கி எறிந்தால் மாதிரியே மாறிவிடுகிறது.

500 மி.லி. கோனிகல் பிளாஸ்க், 1 நார்மல் டைகுரோமேட் 10 மி.லி., பிப்பெட்டால். அந்தக் கரைசலுக்கு 105 டிகிரியில் உலர்த்திய பொட்டாசியம் டைகுரோமேட் 49.04 கிராம், லிட்டருக்கு. மண் நன்றாக நனையும்படி சுழற்றிவிட்டு, அமிலம் 20 மி.லி. மளமளவென்று விட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். இந்த முறைக்கு வெளிச்சூடு கிடையாது, அமிலம் கலக்கும் சூடுதான் எல்லாம். 120 டிகிரி அளவுக்கு ஏறும். அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு கரிமம் எரியும். பிளாஸ்க்கைக் குளிர்ந்த கிரானைட் மேடையில் வைத்தால் சூடு உடனே இறங்கிவிடும். தடித்த அட்டை அல்லது மரப்பலகை போட்டு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். அரை மணி நேரம். அமிலப் பாட்டில் திறந்தே கிடந்து ஈரம் இழுத்திருந்தால் சூடு ஏறாது, மீட்பு குறையும். பழைய பாட்டிலில் ஒரு நாள், புதுப் பாட்டிலில் ஒரு நாள் என்று தோப்பையும் வயலையும் தனித்தனியாகச் செய்திருந்தால் அந்த எண்களை ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பக்க மாதிரியும் கலந்து இருக்க வேண்டும்.

பிறகு 200 மி.லி. நீர், 85% பாஸ்பாரிக் அமிலம் 10 மி.லி., டைபினைலமின் 1 மி.லி. பாஸ்பாரிக் அமிலம் எதற்கு என்றால், ஃபெரிக் இரும்பைக் கட்டிப்போட. அதை விட்டால் முடிவுப்புள்ளி மங்கலாக இழுக்கும். ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட் அரை நார்மலுக்கு 196 கிராம், அமிலம் 20 மி.லி. சேர்த்து ஒரு லிட்டர். நிறம் முதலில் பழுப்பு கலந்த ஊதா, பிறகு கலங்கிய நீலம், நீலம் வந்த பிறகு ஒவ்வொரு சொட்டாக. ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சைக்குத் தாவும். தாண்டிவிட்டால் அந்த பிளாஸ்க்கைக் கொட்ட வேண்டாம். 0.5 மி.லி. டைகுரோமேட் கூட்டி, மறுபடி சொட்டாகப் போய், கணக்கில் 10.5 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபெரஸ் கரைசல் காற்றில் கெடும். நேற்றைய நார்மாலிட்டியை இன்று போடாதீர்கள். பிளாங்க் (மண் போடாத பிளாஸ்க்) தினமும் இரண்டு, 20.4 வந்தால் 10-ஐ அதனால் வகுத்து 0.490 நார்மல். 20 மாதிரிக்கு ஒரு குளுக்கோஸ், ஒரு சொந்தக் கட்டுப்பாட்டு மண், ஒரு இரட்டை மாதிரி வைத்தே ஆக வேண்டும். குளுக்கோஸில் 40% கரிமம், 25 மி.கி. எடுத்தால் 10 மி.கி. கரிமம், அரை நார்மல் கரைசலில் பிளாங்க்கைவிட 6.67 மி.லி. குறைய வேண்டும். 6.4-க்குக் கீழே வந்தால் அன்றைய பேட்சை நான் ஏற்க மாட்டேன்.

உவர்நிலம்

அக்கா, அச்சில் எடுத்து ஒட்டிவிட்டேன். எங்கள் மில் இரும்புதான்! அட்டை எல்லாம் போடவில்லை. தோப்பு மாதிரிகளை ஒரு வாரம், வயல் மாதிரிகளை அடுத்த வாரம் செய்தோம்.

எண்ணும்மண்

வேதியியலை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆய்வகத்தைச் சரிசெய்தாலும் இந்த ஆய்வு நிற்காது.

முதல் பிரச்சினை, 12 என்பது 12 இல்லை. ஒரு தோப்பில் 12 இடத்தில் துளைத்தால் அந்த ஒரு தோப்பைப் பற்றி நன்றாகத் தெரியும். சீமைக்கருவேலம் மண்ணுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அது ஒரே ஒரு மாதிரி. ஹர்ல்பர்ட் 1984-ல் இதற்குப் போலிப் பிரதியாக்கம் என்று பெயரிட்டு எழுதிய பிறகும் சூழலியல் ஆய்வேடுகளில் இது நிற்கவில்லை. தோப்புக்கும் வயலுக்கும் இடையே மரம் தவிர வேறு எந்த வித்தியாசம் இருந்தாலும், அதை மரத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

இரண்டாவது, போலிப் பிரதி என்பதை மறந்துவிட்டாலும்கூட, திருத்தாத 0.12-க்கே டி மதிப்பு (வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்கும் எண்) 1.96 தான் வருகிறது. 22 டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடமுக்கு எல்லை 2.07. உங்கள் 30% கூடுதல் என்ற வாக்கியம் அங்கேயே நிற்கவில்லை.

எத்தனை வேண்டும்? 80% திறனோடு (உள்ள வித்தியாசத்தைத் தவறவிடாத வாய்ப்பு) 5% மட்டத்தில் (இல்லாததை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) கண்டுபிடிக்க, பக்கத்துக்கு வேண்டிய எண்ணிக்கை ஏறக்குறைய 2 × 7.84 × (திட்டவிலக்க வர்க்கம் ÷ வித்தியாச வர்க்கம்). திட்டவிலக்கம் 0.15 என்றால், 0.2 வித்தியாசத்துக்குப் பக்கத்துக்கு 9 இடம் போதும். 0.1-க்கு 36. 0.05-க்கு 142. வித்தியாசம் பாதியானால் வேலை நான்கு மடங்கு. இங்கே இடம் என்பது தனித்தனித் தோப்பு, தனித்தனி வயல். துளை அல்ல.

142 தோப்புக்கு யாரும் போக முடியாது. ஆகவே இணையாக எடுங்கள். ஒவ்வொரு தோப்புக்கும் பக்கத்திலேயே, அதே மண் வகையில் ஒரு வயல். இணைகளுக்குள் வரும் வித்தியாசத்தின் திட்டவிலக்கம் 0.12 ஆகக் குறைந்தால், 0.1-ஐப் பிடிக்க 12 இணை, சிறு மாதிரிக்கான கூடுதலையும் சேர்த்து 14 இணை வைத்துக்கொள்ளுங்கள். 0.12 என்பது ஓர் ஊகம்தான். முதலில் நாலைந்து இணையை எடுத்துப் பார்த்து உண்மையான எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

ஒரு தோப்புக்குள் எத்தனை துளை என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தோப்புக்குத் தோப்பு விலக்கம் 0.10, தோப்புக்குள் 0.12, ஆய்வகம் 0.03 என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமாகக் கூட்ட வேண்டும். ஒரு துளை, ஒரு டைட்ரேஷன்: 0.0100 + 0.0144 + 0.0009, மூலம் எடுத்தால் 0.159. ஒன்பது துளையைக் கலந்து ஒரு மாதிரியாக்கினால் நடு எண் 0.0016 ஆகிறது, மொத்தம் 0.112. அதே கலவையை மூன்று முறை டைட்ரேட் செய்தால்? 0.109. மூன்று மடங்கு வேலைக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. மூன்று முறை டைட்ரேட் செய்து மூன்று பிரதி என்று எழுதும் பழக்கம் வருத்தம் தருகிறது. அந்த உழைப்பை இன்னும் நான்கு தோப்புக்குப் போவதில் செலவிட்டால் எவ்வளவு பயன்!

முள்மரம்

எண்ணும்மண் சொன்ன "வேறு எந்த வித்தியாசம்" என்பதை நிலத்தில் காட்டுகிறேன்.

கண்மாயை ஒட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். உட்பக்கமா, வெளிப்பக்கமா? உட்பக்கத் தோப்பு என்றால் அது கரம்பையில் நிற்கிறது. காலங்காலமாக வண்டல் படிந்த களி. களி கூடினால் கரிமம் கூடும், மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கரம்பையை வயலுக்கு அடிப்பதே அதனால்தான். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் ஹைட்ரோமீட்டரில் களி அளவு பாருங்கள். இணைக்குள் களி வித்தியாசம் 5 சதவீதப் புள்ளியைத் தாண்டினால் அந்த இணையைக் கைவிடுவதே நல்லது.

இன்னொன்று, காரணத்தின் திசை. உவர் ஏறி விவசாயம் கைவிட்ட நிலத்தில்தான் இந்த மரம் முதலில் நுழைகிறது. 3.6 இ.சி. மரத்தால் வந்ததா, 3.6 இ.சி. இருந்ததால் மரம் வந்ததா? இன்றைய மாதிரியை வைத்து அதைச் சொல்ல முடியாது. தோப்பின் வயது தெரிய வேண்டும். ஊரில் கேட்டும், பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தும் 5, 10, 20 ஆண்டு என்று வயது வரிசையாகத் தோப்புகளைத் தேர்ந்தெடுங்கள். வயதோடு கரிமம் சீராக ஏறினால் மரத்தின் மேல் பழி போடவோ புகழவோ ஓரளவு ஆதாரம் உண்டு.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். கரிமூட்டம். ராமநாதபுரத்தில் விறகும் கரியும் போகாத சீமைக்கருவேலத் தோப்பு அபூர்வம். மூட்டம் போட்ட இடத்தில் மண் கறுத்து, விரல் நுனியளவு கரித்துண்டிலிருந்து மாவு வரை கிடக்கும். மழையில் அந்த மாவு பரவும். வாக்லி-பிளாக் கரியை அரைகுறையாகத்தான் எரிக்கும், எவ்வளவு என்பது மூட்டத்தின் சூட்டைப் பொறுத்தது. மண்ணை மிகுந்த சூட்டில் முழுதாக எரித்து அளக்கும் உலர் எரிப்புக் கருவி முழுவதையும் எண்ணிவிடும். ஒரே மண்ணுக்கு இரண்டு கருவியும் வேறு வேறு விடை சொன்னால் முதலில் கரியைச் சந்தேகப்படுங்கள். துளைக்கும் முன் மண்ணை லென்ஸில் பாருங்கள். உடைத்தால் மினுமினுக்கும் கறுப்பு, விரலில் கோடு இழுக்கும். பழைய மூட்டத்திலிருந்து நன்றாக விலகி, மேட்டுப்பக்கமாக எடுங்கள்.

விதானத்துக்கு அடியிலும் இடைவெளியிலும் மண் ஒன்றல்ல என்பதும் உண்டு. அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒன்பது துளை போடாதீர்கள். விதானம் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறதோ அந்த விகிதத்தில் துளைகளைப் பிரியுங்கள்.

கரிசல்காடு

உலர் எரிப்பு பற்றி ஒரு சொல். சுக்கான்கல் உள்ள மண்ணை அப்படியே அந்தக் கருவியில் போட்டால் சுண்ணாம்பின் கரிமமும் சேர்ந்து வரும். வாக்லி-பிளாக்கின் பெரிய நற்குணம் கார்பனேட் அதைத் தொடாது என்பது. எனவே உலர் எரிப்புக்கு முன் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் வைக்க வேண்டும். வெள்ளிக் குப்பியில் 30 மி.கி. மண், 50 மைக்ரோலிட்டர் நீர் விட்டு நனைத்து, டெசிக்கேட்டரில் அடர் அமிலம் 100 மி.லி. பீக்கரோடு 6 மணி நேரம். பிறகு 60 டிகிரியில் உலர்த்தி, வெள்ளிக் குப்பியைத் தகரக் குப்பிக்குள் வைத்து மடித்து அனுப்புங்கள். தகரத்தை நேராக ஆவியில் வைத்தால் அரித்து ஓட்டையாகிவிடும். 30 மி.கி. என்பது சிட்டிகைக்கும் குறைவு, ஆகவே மண் மாவு மாதிரி அரைபட்டிருக்க வேண்டும்.

14 இணையில் ஐந்தாறு மாதிரிக்காவது இதைச் செய்து வாக்லி-பிளாக்கோடு ஒப்பிட்டால், 1.3 என்ற பொதுக் காரணிக்குப் பதில் உங்கள் மண்ணுக்கே உரிய காரணி கிடைக்கும். 1934-ல் வேறு மண்ணுக்குக் கண்ட எண்ணை ராமநாதபுரத்துக்கு அப்படியே போடுவது நியாயமில்லை.

எண்ணும்மண்

டன் கணக்கையும் பார்த்துவிடுவோம். நிலையான ஆழத்தில் கணக்கிட்டால் கரிமம் % × அடர்த்தி × செ.மீ. என்பது ஹெக்டேருக்கு டன். உங்கள் முதல் எண்களுக்கு 21.06, 18.0. வித்தியாசம் 3. குளோரைடைத் திருத்தினால் 18.43, 17.60. வித்தியாசம் 0.8.

ஆனால் அதுவும் சரியில்லை. வயலில் 30 செ.மீ. என்பது 4500 டன் மண், தோப்பில் 4050 டன். குறைவான மண்ணையும் அதிகமான மண்ணையும் ஒப்பிடுகிறீர்கள். சம எடைக்குக் கொண்டுவர, தோப்பில் இன்னும் 450 டன் மண், அதாவது 33.3 செ.மீ. வரை போக வேண்டும். அந்த ஆழத்தில் கரிமம் 0.3% என்று வைத்தால் 1.35 டன் கூடும். 19.8-க்கு 17.6, வித்தியாசம் 2.2.

கவனியுங்கள், ஒரு திருத்தம் குறைத்தது, அடுத்த திருத்தம் கூட்டியது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு 30–40 செ.மீ. அடுக்கையும் தனியாக எடுத்து வையுங்கள். ஒரே வளையத்தில் (மண்ணில் அடித்து எடுக்கும் உலோகக் குழல்) அடர்த்தி பார்த்துவிட்டு 30 செ.மீ. முழுவதுக்கும் போடாதீர்கள், அடுக்குக்கு அடுக்கு மாறும்.

முள்மரம்

கரிசல் களியில் அடர்த்தி ஈரத்தோடு மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் வெடிப்பு விட்ட மண்ணில் வளையம் அடித்தால், வெடிப்புகளுக்கு நடுவே இறுகிய கட்டியைத்தான் அளப்பீர்கள், வெடிப்பு கணக்கில் வராது. கோடையில் உப்பும் மேலே பூக்கும், குளோரைடு உச்சத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து நெல் அறுத்த பின், பிப்ரவரி வாக்கில், மண்ணில் பதம் இருக்கும்போது எடுங்கள். ஓர் இணையின் இரண்டு பக்கமும் ஒரே நாளில்.

உவர்நிலம்

கரிமம்-13 ஐசோடோப்பு பார்த்தால் மரத்திலிருந்து வந்த கரிமம் தனியாகத் தெரியும் என்று ஒரு யோசனை இருக்கிறது. பணம் ஒதுக்கலாமா?

முள்மரம்

நெல் வயலோடு ஒப்பிட்டால் வேண்டாம். நெல்லும் சீமைக்கருவேலமும் இரண்டுமே ஒரே வகை ஒளிச்சேர்க்கை உள்ள சி-3 தாவரம், இரண்டின் கரிமத்தின் ஐசோடோப்பு எண்ணும் (ஆயிரத்துக்கு) மைனஸ் 27 அருகில்தான் நிற்கும். பிரித்தறிய வழியில்லை. சோளம், கம்பு நெடுங்காலம் விளைந்த மானாவாரிக் காடாக இருந்தால் நிலைமையே வேறு, அவை சி-4, மைனஸ் 12, 13 அளவில் இருக்கும். உதாரணத்துக்கு, சோளக்காட்டு மண் மைனஸ் 16, தோப்பு மண் மைனஸ் 19, இலைச்சருகு மைனஸ் 27 என்று வந்தால், 3-ஐ 11-ஆல் வகுத்து 27% கரிமம் மரத்தினுடையது என்று சொல்லலாம். மொத்த அளவு மாறாத இடத்தில்கூட இந்த வழி பேசும். ஆனால் கார்பனேட்டை முழுதாக நீக்கியிருக்க வேண்டும். சுண்ணாம்பின் ஐசோடோப்பு எண் எங்கோ இருக்கும், துளி மிஞ்சினாலும் விடையை இழுத்துவிடும்.

உங்கள் 14 இணையில் நாலைந்தாவது பழைய சோளக்காட்டை ஒட்டியதாகத் தேடுங்கள். அந்த இணைகளுக்கு மட்டும் அனுப்பினால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

நச்சியல்

இழையில் வராத ஒன்று. 14 இணை, இரண்டு பக்கம், நான்கு அடுக்கு, கட்டுப்பாட்டு மாதிரிகள் என்றால் நூற்றுக்கு மேற்பட்ட பிளாஸ்க். ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் இருக்கும் பொருள். தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. நாள்பட இழுத்தால் மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகும். எடை போடும்போது ஃப்யூம் ஹூட், முகக்கவசம், நைட்ரைல் கையுறை. தோலில் பட்டால் ஒவ்வாமை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு விடாது. வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில ஆய்வகங்களில் இருக்கிறது, தயவுசெய்து ரப்பர் பல்பு வாங்கிக் கொடுங்கள்.

கழிவு. டைட்ரேஷன் முடிந்து பச்சையான பிளாஸ்க்கில் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு வந்துவிட்டது, நச்சு வெகுவாகக் குறைவு. ஆரஞ்சு நிறத்தில் மிஞ்சும் கரைசல்தான் சிக்கல். அதை சிங்க்கில் ஊற்றவே கூடாது. பி.எச். 2–3 இருக்கும்போது மிஞ்சிய ஃபெரஸ் கரைசலைக் கொட்டி ஆரஞ்சு முழுவதும் பச்சையாகும் வரை கலக்குங்கள். பிறகு எல்லாக் கழிவையும் சேர்த்து, சுண்ணாம்புப் பாலை மெல்ல மெல்ல விட்டு பி.எச். 8–9-க்குக் கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடு சேறாகப் படியும். அவசரப்பட்டால் அமிலம் கொதித்துத் தெறிக்கும். காரம் அதிகமானால் படிந்தது மறுபடி கரையும். தெளிந்த நீரைச் சோதித்துவிட்டு, சேற்றை அபாயக் கழிவாகக் கொடுங்கள். ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீருக்கு என்ன செய்திருக்கிறது என்று மண் ஆய்வு செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உவர்நிலம்

மிக்க நன்றி. வழிகாட்டியிடம் இந்த இழையைக் காட்டினேன், "30% அதிகம்" வாக்கியத்தை எடுத்துவிட ஒப்புக்கொண்டார். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதிலிருந்து இரண்டு பக்கமும் எண் தேடுகிறார்கள், அரைகுறை எண்ணைக் கொடுக்க வேண்டாம் என்றார்.

திட்டம்: பிப்ரவரியில் 5 இணை முன்னோட்டம். இணைக்கு இரு பக்கமும் ஒன்பது துளை கலவை, 0–10, 10–20, 20–30, 30–40. அடுக்குக்கு மூன்று வளையம் அடர்த்திக்கு. களி, குளோரைடு, கார்பனேட் எல்லா மாதிரிக்கும். வெள்ளி சேர்த்த அமிலம், 2 கிராம் மண், பீங்கான் கல்வம். முன்னோட்டத்தின் விலக்கத்தை வைத்து மொத்த எண்ணிக்கை.

ஒரு சந்தேகம் அக்கா. வெள்ளி சேர்த்த பிளாஸ்க்கில் வெண்படிவு இருக்கும்போது முடிவுப்புள்ளி தெரியுமா?

ஆய்வகமேசை

தெரியும் தம்பி. படிவு அடியில் மண்ணோடு போய்விடும். களி கலங்கி நிறம் மங்கலாக இருந்தால் அரை மணி நேரம் கழித்து நீர் விட்ட பிறகு பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். வெள்ளை டைல் மேல் வைத்து, பக்கத்தில் முடிந்த பிளாங்க் ஒன்றை நிறம் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். பிளாங்க்குக்கும் அதே வெள்ளி அமிலம்தான் போட வேண்டும். வெள்ளி சேர்த்த பிளாஸ்க்குகளின் கழிவைத் தனி கேனில் சேருங்கள், வெள்ளி இல்லாத குரோமியக் கழிவோடு கலக்காதீர்கள். முன்னோட்ட இணைகளின் பிளாங்க், குளுக்கோஸ் டைட்டர்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.